லாக் செட் ஐபோன்: சிம் லாக்கைத் தொடாமல் ஜெயில்பிரேக்

பர்மா பஜாரில் எந்தக் கடை முன்னால் பத்து நிமிஷம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, இந்த செட்டை அன்லாக் பண்ணணும்."

"ஆயிடும். சாயங்காலம் வா."

என்ன லாக் என்று வந்தவரும் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. ஸ்கிரீன் பாஸ்கோடு மறந்துபோனதும் அன்லாக்தான். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டி வந்த செட்டில் நம் ஊர் சிம் எடுக்காததும், அதாவது சிம் லாக்கும், அன்லாக்தான். பழைய ஓனரின் ஆப்பிள் ஐடி உள்ளே மாட்டிக்கொண்டிருப்பதும் அதே பேர். ஆப்பிள் போட்ட கட்டுப்பாடுகளைத் தாண்டி வெளி ஆப்புகளையும் மாற்றங்களையும் ஏற்றுவதுதான் ஜெயில்பிரேக்; இந்த மூன்றிலும் சேராத அதையும் இதே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பாதி செட் வீணாவது இந்தக் குழப்பத்தால்தான். ஜெயில்பிரேக் பண்ணினால் சிம் லாக் போய்விடும் என்று நம்பிக் கொடுத்துவிட்டு, ஏற்கனவே வந்துகொண்டிருந்த சிக்னலையும் தொலைத்தவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றாகிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஐபோன் 3ஜி, 3ஜிஎஸ் காலத்தில் முதலில் ஜெயில்பிரேக் செய்து, அதற்குமேல் அல்ட்ராஸ்னோ என்ற ஒன்றை ஏற்றினால் எந்த சிம்மும் எடுக்கும். ஒரே மேஜையில் அடுத்தடுத்து நடந்த வேலை என்பதால் பேரும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தது. 2010 ஜூலையில் ஜெயில்பிரேக்குக்கு விலக்கு கிடைத்தது. 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போன்களைக் கம்பெனி அனுமதியில்லாமல் சிம் அன்லாக் செய்யக்கூடாது என்று ஆகி, 2014 ஆகஸ்டில் தனிச் சட்டம் போட்டுத்தான் அதைத் திரும்ப அனுமதித்தார்கள். அல்ட்ராஸ்னோ போன்ற வழி இன்றைய போன்களில் கிடையாது.

இன்றைய நிலைமை இதுதான். ஜெயில்பிரேக் நடப்பது போனின் மெயின் பிராசஸரில், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸுக்குள். சிம் லாக்கைப் பிடித்து வைத்திருப்பவை வேறு இரண்டு: டவரோடு பேசும் பேஸ்பேண்ட் சிப், போனை ஓட விடும் அனுமதியாக ஆப்பிள் சர்வர் கொடுக்கும் ஆக்டிவேஷன் டிக்கெட். பேஸ்பேண்டுக்குத் தனி மென்பொருள், தனி டிஜிட்டல் கையெழுத்து. டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது ஆப்பிள். ஐஓஎஸ்ஸை எவ்வளவு திறந்தாலும் இந்த இரண்டும் அசையாது. ஆகவே லாக்கைத் தொடாமல் ஜெயில்பிரேக் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை, அதுதான் இயல்பான வழி. கஷ்டம் எங்கே என்றால், ஜெயில்பிரேக் செய்கிற சாக்கில் போனை அழித்து ரீசெட் செய்வதில். அதுவும் சிப் போட்ட செட்டில்.

சிம் டிரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். நானோ சிம்முக்கு அடியில் காகிதம் மாதிரி மெல்லிசாக, தங்க நிறப் புள்ளிகளோடு ஒரு தகடு ஒட்டியிருந்தால் அதுதான் சிப். ஆர்-சிம் என்றோ டர்போ சிம் என்றோ கேட்டிருப்பீர்கள். நம் சிம் பேச வேண்டியதை நடுவில் நின்று மாற்றிப் பேசி, "வந்திருப்பது உன் கம்பெனி சிம்தான்" என்று போனை நம்ப வைப்பது அதன் வேலை. ஐசிசிஐடி (சிம் கார்டின் அடையாள எண்) முறை என்று சொல்வதில் ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சிப்பில் எழுதுவார்கள். ஆப்பிள் சர்வர் அந்த எண்ணை அனுமதிக்கும் வரை ஆக்டிவேஷன் கிடைக்கும், மூடிய நாளிலிருந்து கிடைக்காது. ஏற்கனவே டிக்கெட் வாங்கிய போன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை முழுதாக அழித்தால் மறுபடி சர்வர் வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே கதவு மூடியிருந்தால் உங்கள் கையில் இருப்பது நல்ல கேமரா வைத்த ஐபாட்.

எனவே சிப் செட்டுக்கு ஒரே விதி. அழிக்க வைக்கும் எந்த முறையும் வேண்டாம். ரீஸ்டோர் வேண்டாம், அப்டேட் வேண்டாம், "எரேஸ் ஆல் கன்டென்ட்" வேண்டாம்.

சிப் செட்டா, எந்த சிம்மும் எடுக்கும்படி கம்பெனியே திறந்துவிட்ட ஃபேக்டரி அன்லாக்கா என்பதை வாங்கும்போதே, கடைக்காரர் எதிரிலேயே பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பக்கத்தில் கீழே போனால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். "நோ சிம் ரெஸ்டிரிக்ஷன்ஸ்" என்றால் நல்லது. அத்தோடு நம்பிவிடாமல் தகட்டை எடுத்துவிட்டு உங்கள் சிம்மை நேராகப் போடச் சொல்லுங்கள். "சிம் நாட் சப்போர்ட்டட்" என்று வந்தால் லாக் செட். இந்தச் சோதனையைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். வாங்கி ஆறு மாசம் ஓடிக்கொண்டிருக்கும் சிப் செட்டில் விளையாட்டுக்குத் தகட்டை எடுத்துப் பார்க்காதீர்கள்.

கூடவே இன்னொன்று. *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, ஆங்கிலத்தில் கே-ஒய்-எம் என்ற மூன்றெழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். திருட்டு செட் என்று புகார் ஆகி முடக்கப்பட்டதாக வந்தால் தொடவே தொடாதீர்கள். ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்பவர் பக்கமும் போகாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். செட்டிங்ஸில் முந்தைய ஓனரின் ஆப்பிள் ஐடி இருந்தால் அவரே பாஸ்வேர்ட் போட்டு வெளியேற வேண்டும். ஜெயில்பிரேக் அதையும் கழற்றாது.

இனி எந்த போனுக்கு எந்த முறை.

2019 செப்டம்பரில் ஆக்ஸிமெக்ஸ் என்ற புனைபெயர்க்காரர் வெளியிட்ட செக்மேட் என்ற பாதுகாப்பு ஓட்டைதான் இன்று வரைக்கும் அஸ்திவாரம். அது பூட்ரோமில், அதாவது பிராசஸர் தயாராகும்போதே பொறிக்கப்பட்ட நிரலில் இருக்கிறது. ஆப்பிளால் அப்டேட் போட்டு அடைக்க முடியாது. ஏ5 பிராசஸரிலிருந்து ஏ11 வரை, அதாவது ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை பொருந்தும். ஐபோன் 6எஸ், 7, 8, எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 15, 16-இல் இருந்தால் இந்த ஓட்டை வழியாகப் போகும் பலேரெயின் என்ற கருவியைப் பயன்படுத்தலாம். ஐஓஎஸ் 14 வரை என்றால் அதற்கு மூத்ததான செக்ரெயின்.

எங்களைக் கேட்டால், ஜெயில்பிரேக் பழக ஐபோன் 7-ஐ விட நல்ல செட் கிடையாது. ஐஓஎஸ் 15-க்கு மேல் போகாது, பாஸ்கோடு, கைரேகை எல்லாம் ஜெயில்பிரேக்குக்குப் பிறகும் வேலை செய்யும். எதையும் அழிக்கவும் தேவையில்லை.

8, 8 பிளஸ், எக்ஸ் மூன்றும் ஏ11. இங்கேதான் கவனம். பலேரெயினில் ஏறிய நிலையில் இந்த செட்களில் பாஸ்கோடு, டச் ஐடி, ஃபேஸ் ஐடி எதுவும் ஓடாது, பாஸ்கோடை எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஐஓஎஸ் 16 என்றால் இன்னும் ஒரு படி மேலே: கடைசியாக ரீசெட் செய்ததற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பாஸ்கோடு வைத்திருந்தாலும் போதும், முழுதாக அழித்துவிட்டுத்தான் தொடங்க முடியும். ஃபேக்டரி அன்லாக் செட் என்றால் பேக்கப் எடுத்துக்கொண்டு தாராளமாகச் செய்யலாம். சிப் செட்டில் இது தற்கொலை. பஜாரில் "எக்ஸ்ல ஜெயில்பிரேக் பண்ணேன், நெட்வொர்க் செத்துடுச்சு" என்று சொல்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். பழி ஜெயில்பிரேக் மேல் விழும், காரணம் அந்த ரீசெட்.

சிப் போட்ட 8, எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, ஐஓஎஸ் 15.0 முதல் 16.6.1-க்குள் இருந்தால். டோபமைன் என்ற கருவி பூட்ரோமைத் தொடாமல் ஐஓஎஸ்ஸுக்குள் இருக்கும் ஓட்டைகள் வழியாகப் போகிறது. அழிக்க வேண்டாம், பாஸ்கோடும் அப்படியே இருக்கும். முதலில் ட்ரோல்இன்ஸ்டாலர்எக்ஸ் வழியாக, ஆப் ஸ்டோருக்கு வெளியே உள்ள ஆப்புகளை நிறுவ உதவும் ட்ரோல்ஸ்டோரைப் போட்டு, அதற்குள் டோபமைனைப் போடுங்கள். இலவச ஆப்பிள் ஐடியால் கையெழுத்திட்டு ஏற்றிய ஆப்புக்கு 7 நாள்தான் ஆயுள், ட்ரோல்ஸ்டோரில் போட்டதற்கு அந்தத் தொல்லை இல்லை. போன் 16.7-க்குப் போய்விட்டதென்றால் இந்த வழி அடைபட்டது. அந்தச் சிப் செட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ்ஸில் தொடங்கி 12 வரிசை வரைக்கும் ஐஓஎஸ் 15.0 முதல் 16.5.1 வரை, 13, 14 வரிசைகளில் 16.5 வரை இருந்தால் டோபமைன் ஏறும். அதற்கு மேல் புதுசாக இருந்தால் இவற்றில் எதுவும் ஏறாது. "எல்லா மாடலுக்கும், கம்ப்யூட்டரே வேண்டாம்" என்று சொல்லி இரண்டு கேம் டவுன்லோட் செய்யச் சொல்லும் வெப்சைட்டுகள் அத்தனையும் டுபாக்கூர்.

பலேரெயின் வேலைக்கு என்னென்ன வேண்டும்? முதலில் கேபிள். யூஎஸ்பி-ஏ முனையிலிருந்து லைட்னிங் போகும் பழைய மாடல்தான் வேண்டும். டைப்-சி முனை கேபிளில் டிஎஃப்யூ நிலைக்கு (ஐஓஎஸ் எழாமல், திரை கருப்பாக, கம்ப்யூட்டரின் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலை) போவதே தகராறு. பிளாட்பாரத்தில் விற்கும் கேபிள்களில் பலவற்றில் சார்ஜ் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போனைக் கம்ப்யூட்டரில் சொருகியதும் "டிரஸ்ட்" கேட்கிறதா பாருங்கள், கேட்காவிட்டால் அந்தக் கேபிளை சார்ஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லைட்னிங் முனையில் எட்டு பின் இருக்கும். அதில் ஒன்று கருத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் நடு வழியில் கைவிடும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் இது சகஜம். போனின் சார்ஜ் ஓட்டையில் அடைந்திருக்கும் பஞ்சை மரக்குச்சியால் மெதுவாக நோண்டி எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷால் துடையுங்கள். குண்டூசி போடாதீர்கள், பின்கள் ஷார்ட் ஆகும்.

கம்ப்யூட்டர் இன்டெல் சிப் வைத்த பழைய லேப்டாப்பாக இருந்தால் நிம்மதி. ஏஎம்டி டெஸ்க்டாப்புகளில் செக்மேட் பெரும்பாலும் தோற்கும். இருபது தடவை முயன்று போனைத் திட்டுவதில் பயனில்லை, மெஷினை மாற்றுங்கள். விண்டோஸை அழிக்க வேண்டாம். பலேரெயின் அடங்கிய பலேனிக்ஸ் என்ற சின்ன லினக்ஸ் இமேஜை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதி, அறியாத சிஸ்டம் எழாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்து, பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்புங்கள். விண்டோஸுக்குள்ளேயே வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு ஓட்டலாமே என்று தோன்றும். ஓடாது. நடுவில் போன் பல தடவை யூஎஸ்பியை விட்டுப் போய்த் திரும்ப வரும், வர்ச்சுவல் மெஷின் அதைப் பிடிக்கத் தவறிவிடும்.

பேட்டரியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பலேரெயின் அரைக்கட்டு வகை, போன் அணைந்து எழுந்தால் ஜெயில்பிரேக் இறங்கிவிடும். சாதாரண ஐபோனாக ஓடும், திரும்ப ஏற்ற மறுபடி கம்ப்யூட்டர் வேண்டும். பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே போன பழைய செட், கேமராவைத் திறந்தாலே பொசுக்கென்று அணையும். அந்த செட்டில் ஜெயில்பிரேக் செய்துவிட்டு தினம் லேப்டாப்பைத் தேடுவதற்குப் பதில், முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

பட்டன்களையும் அமுக்கிப் பாருங்கள். 7-லிருந்து மேலே எல்லா மாடலுக்கும் வால்யூம் டவுன் பட்டன் வேலை செய்தே ஆக வேண்டும், 6எஸ்ஸுக்கு ஹோம் பட்டன். அது செத்திருந்தால் டிஎஃப்யூ கிடையாது.

பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டு போட்ட என்கிரிப்டட் பேக்கப்பாக. இல்லையென்றால் சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் வராது. ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணையுங்கள். ஐபோன் ஸ்டோரேஜ் பட்டியலில் ஏற்கனவே இறங்கிக் கிடக்கும் அப்டேட் இருந்தால் அழியுங்கள். ஃபைண்ட் மை ஐபோனை அணைக்க வேண்டாம், அது இருப்பது நல்லது.

இப்போது ஏற்றலாம். பலேனிக்ஸ் எழுந்ததும் வரும் மெனுவில், சிஸ்டம் பகுதியைத் தொடாத ரூட்லெஸ் முறையிலேயே விடுங்கள். ரூட்ஃபுல் முறை சிஸ்டத்தின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பல ஜிபி இடத்தை விழுங்கும், பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாத வேலை. போனை இணைத்ததும் அது தானாகவே ரிகவரி திரைக்குப் போகும். அடுத்துக் கம்ப்யூட்டரில் எண்ணிக்கை ஓடும். முதல் எண்ணிக்கையில் சைடு பட்டன், வால்யூம் டவுன் இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். அடுத்த எண்ணிக்கை தொடங்கிய கணமே சைடு பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வால்யூம் டவுனை மட்டும் விடாமல் பிடிக்க வேண்டும். 6எஸ்ஸில் வால்யூமுக்குப் பதில் ஹோம். திரை கருப்பாகவே இருந்தால் சரி. ஆப்பிள் லோகோ வந்தால் சைடு பட்டனை விட நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கேபிள் படம் தெரிந்தால் இன்னும் ரிகவரியிலேயே நிற்கிறது. முதல் தடவை பாதிப் பேருக்கு வராது. கேபிள் மூலையை மறைக்கும் கவரைக் கழற்றிவிட்டு, போனை மேஜையில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினால் வரும்.

கம்ப்யூட்டரில் "செக்மேட்" என்று ஒரு வரி வந்தால் ஓட்டை திறந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால் "ரைட் பிஃபோர் டிரிகர்" என்ற வரியிலேயே நின்றுவிடுவதுதான் ரொம்பப் பேருக்கு நடக்கும். கேபிளை ஒரு தடவை எடுத்துச் சொருகுங்கள். நகரவில்லையென்றால் போனை ஃபோர்ஸ் ரீஸ்டார்ட் செய்து, வேறு யூஎஸ்பி போர்ட்டில் முதலிலிருந்து தொடங்குங்கள். ஹப் வழியாக இணைத்திருந்தால் நேரடியாக, நேரடியாக இணைத்திருந்தால் ஹப் வழியாக. கேலிப் பேச்சு மாதிரி இருந்தாலும் இது பல செட்டில் பலிக்கும்.

நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். பூட்ரோமில் எதுவும் எழுதப்படுவதில்லை, எல்லாம் மெமரியில் நடப்பது. 8, எக்ஸ் என்றால் வால்யூம் அப் ஒரு தட்டு, வால்யூம் டவுன் ஒரு தட்டு, பிறகு லோகோ வரும் வரை சைடு பட்டன். 7-க்கு வால்யூம் டவுனும் சைடும் சேர்த்து, 6எஸ்ஸுக்கு ஹோமும் பவரும் சேர்த்து. போன் பழையபடி எழும். எழாமல் கேபிள் படத்திலேயே நின்றால் பலேரெயின் மெனுவிலேயே ரிகவரியிலிருந்து வெளியேறும் வசதி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஐடியூன்ஸில் "ரீஸ்டோர்" அமுக்கினால் சிப் செட்டின் கதை முடிந்தது.

எழுத்து ஓடும் திரையோடு போன் எழுந்து, பலேரெயின் ஐகான் வரும். வைஃபை இணைத்து, அதைத் திறந்து, ட்வீக்குகளை, அதாவது போனின் தோற்றத்தையும் வேலையையும் மாற்றும் சின்ன நிரல்களை, ஏற்ற உதவும் சைலியோ அல்லது ஸீப்ராவை நிறுவுங்கள். ஐகான் வரவில்லையென்றால் ஒரு தடவை திரும்ப ஏற்றினால் வந்துவிடும். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். இதை அலட்சியமாக 1234 என்று போடாதீர்கள். 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஐகீ என்ற புழு ஜெயில்பிரேக் செய்த போன்களுக்குள் நுழைந்து வால்பேப்பரை மாற்றியது. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிறுவிவிட்டு "ஆல்பைன்" என்ற பொதுப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். தேவையில்லாமல் எஸ்எஸ்எச் நிறுவாதீர்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ட்வீக்குகளை ஓசியில் தரும் ரெப்போக்களும் (ட்வீக் கிடங்குகள்) வேண்டாம். 2015-இல் கீரெய்டர் என்ற மால்வேர் ஜெயில்பிரேக் போன்களிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளைத் திருடியது தெரிய வந்தது. அது பரவியது ஒரு மூன்றாம் தரப்பு ரெப்போ வழியாக. ட்வீக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒன்று போட்டு ஒரு நாள் ஓட்டிவிட்டு அடுத்தது. ரூட்லெஸ்ஸுக்கு என்று எழுதியதைத்தான் போட வேண்டும், பழைய ரூட்ஃபுல் ட்வீக் அதில் ஏறாது. நெட்வொர்க் பெயரை மாற்றுகிறேன், சிக்னலைக் கூட்டுகிறேன் என்று கேரியர் பக்கம் கை வைக்கும் ட்வீக்குகளைச் சிப் செட்டில் அண்ட விடாதீர்கள்.

வங்கி ஆப், யூபிஐ ஆப் ஓடும் மெயின் போனில் இதைச் செய்யாதீர்கள். நிறைய ஆப்புகள் ஜெயில்பிரேக்கைக் கண்டதும் மூடிக்கொள்ளும். குறிப்பிட்ட ஆப்பில் மட்டும் ட்வீக் நுழையாமல் தடுக்கும் சாய்ஸி போன்றவை இருக்கின்றன, இன்று ஓடும், அடுத்த அப்டேட்டில் நிற்கும். மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு க்யூஆர் கோடு முன்னால் போனை ரீபூட் செய்துகொண்டு நிற்பது உங்களுக்குத்தான் அசிங்கம்.

ஜெயில்பிரேக்கை எடுக்க நினைத்தால் செட்டிங்ஸில் போய் எரேஸ் அமுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் பலேரெயினை மறுபடி ஓட்டி, ரிவர்ட் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஜெயில்பிரேக் கோப்புகள் மட்டும் போகும். உங்கள் போட்டோ, வாட்ஸ்அப், ஆக்டிவேஷன் டிக்கெட் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். டோபமைனில் அந்த ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளேயே நீக்கும் பட்டன் உண்டு. அதை அமுக்கிய பிறகுதான் ஆப்பை அழிக்க வேண்டும், முதலில் ஆப்பை அழித்தால் மிச்சக் கோப்புகள் உள்ளேயே கிடக்கும். செட்டை விற்கப் போகிறீர்கள் என்றால், டிரேக்குள் தகடு இருப்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு, அதோடு சேர்த்தே கொடுங்கள்.